கல்லடைப்பு வலிக்கு மருந்து: அர்-ராஸி முதல் தோஹா வரை

இன்றைய தருமபுரி மாவட்டம் அடங்கிய பாராமகால், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாகும்வரை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. திப்புவின் நூலகத்துக்குச் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் 1809இல் வெளியிட்ட அட்டவணையில் மருத்துவச் சுவடிகளுக்கெனத் தனிப்பிரிவே உண்டு. அச்சுவடிகளின் பின்னிருந்த யுனானி மரபு நெடிது ஆராய்ந்த நோய்களுள் ஒன்று கல்லடைப்பு. வெயில் மிகுந்து நீர் அருகிய இம்மேட்டு நிலத்தார்க்கு அது புதிதன்று.

அர்-ராஸி (865–925) சிறுநீரகக் கல்லுக்கும், 'கூலஞ்ச்' எனும் குடல் வலிக்கும் தனித்தனி நூல்கள் இயற்றினார். அவரிடம் இன்னொரு சிறப்பும் உண்டு. மூளைக்காய்ச்சல் நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மற்றொரு சாராரை வடிக்காது விட்டும் அவர் ஒப்பிட்டுப் பார்த்த செய்தி 'அல்-ஹாவீ'யில் காணப்படுகிறது.

எனினும் வலிக்கு அபினி என்பதே நெடுங்கால வழக்கு. அதன் அபாயமும் அறியப்பட்டதே: கூலஞ்ச் கண்டிருந்த இப்னு ஸீனாவின் மருந்தில் பணியாள் ஒருவன் அபினியை மிகுதியாகக் கலந்துவிட்டதைச் சீடர் ஜூஸ்ஜானி பதிந்துள்ளார், 1037இல் அவர் ஹமதானில் மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினியிலிருந்து மார்ஃபீன் பிரிக்கப்பட்டது. 1930களின் இறுதியில் பெத்திடின் வந்தது. இரண்டும் வலியுணர்வை மழுக்குவனவே.

கல் நீர்க்குழாயை அடைத்ததும் புராஸ்டகிளாண்டின் சுரந்து, சிறுநீர் பெருகி, அடைப்புக்கு மேலே அழுத்தம் ஏறுகிறது. டைக்ளோஃபினாக் இச்சுரப்பையே தடுக்கிறது. 1613 பேர் பங்குகொண்ட 20 ஆய்வுகளைத் திரட்டி 2004இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, இவ்வகை மருந்துகள் அபினி வகைக்குக் குறைந்தவையல்ல என்றது. பெத்திடினால் வாந்தி மிகுதி என்றும் கண்டது.

நம்மவர் பலர் பிழைக்கச் செல்லும் தோஹாவின் ஹமத் பொது மருத்துவமனையில் 1645 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அரைமணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தோர் டைக்ளோஃபினாக் ஊசியால் 68 விழுக்காடு, நரம்புவழிப் பாராசிட்டமாலால் 66, மார்ஃபீனால் 61.

சட்டப்படி அபினி விளைவிக்கும் இந்தியாவிலேயே, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப்பின் மருத்துவமனைகள் பலவற்றில் மார்ஃபீன் அரிதாயிற்று; 2014இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. புற்றுநோயாளர்க்கு அது பெருங்கொடுமை. கல்லடைப்பில் மட்டும், வேறு வழியின்றி ஏழைக்கு இடப்பட்ட மலிவான ஊசி இரண்டாந்தர மருந்தன்று. ஆனால் சிறுநீரகம் நலிந்தோர்க்கும் குடற்புண் உள்ளோர்க்கும் அவ்வூசி ஆகாது. அவர்க்குப் பாராசிட்டமால் உண்டு.