பூட்டிய விதை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் பருத்தி நெடுங்காலப் பயிர், பெரும்பாலும் மானாவாரி. இன்று அதற்கான விதை பொட்டலமாகக் கடையிலிருந்து வருகிறது. அடுத்த ஆடியில் மறுபடி ஒரு பொட்டலம். இதை வேளாண் வளர்ச்சியாக எழுதிய வரலாறுகள் நிறைய. விதை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அதில் பெண்கள் இரண்டு முறை வருகிறார்கள்: விதையை இழந்தவர்களாக ஒரு முறை, அந்த விதைக்குப் பூட்டுச் செய்யும் கூலிகளாக இன்னொரு முறை.

ஆதி விதை என்று இங்கே புனிதப்படுத்த ஒன்றுமில்லை. கம்போடியாப் பருத்தி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேறி வந்தது. எம்.சி.யு. என்ற பெயரே மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்ற மூன்றின் முதலெழுத்துகள்தான். 1968-இல் வந்த எம்.சி.யு. 5, பிறகு வந்த எல்.ஆர்.ஏ. 5166 எல்லாம் கோயம்புத்தூரில் அரசு ஆய்வாளர்கள் உருவாக்கிய ரகங்கள். ஆனால் அவை ரகங்கள். ஒரு முறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு விதை எடுக்கலாம். எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் விட்டு, நடு எடுப்பில் நன்றாக வெடித்த பருத்தியைத் தனியே ஒதுக்குவது, கொட்டையைக் காயவைத்துப் பொறுக்குவது, விதைக்குமுன் சாணிக் கரைசலில் புரட்டிப் பிசிறை அடக்குவது. மிஞ்சிய கொட்டை மாட்டுக்கும் பருத்திப்பாலுக்கும். இது வீட்டுவேலைக் கணக்கில் சேர்ந்ததால் யாரும் இதைத் தொழில்நுட்பம் என்று அழைக்கவில்லை.

1970-இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி. பட்டேல் எச்-4 என்ற வீரிய ஒட்டுப் பருத்தியை வெளியிட்டார். வணிக அளவில் பயிரிடப்பட்ட உலகின் முதல் ஒட்டுப் பருத்தி அது. இரண்டு பெற்றோர் வரிசைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை நன்றாக விளையும். அதிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் செடிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் பிரிந்து விளைச்சல் குறையும். பெற்றோர் வரிசைகளை வைத்திருப்பவரிடம் ஆண்டுதோறும் போய் நிற்க வேண்டும். சட்டமோ காவலரோ தேவைப்படாத பூட்டு இது, உயிரியலுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பூட்டைச் செய்ய விரல்கள் வேண்டும். மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்க வேண்டும். மறுநாள் காலை வேறு வரிசைப் பூவின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும், பருவம் முழுக்க. ஆந்திரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு என விதை உற்பத்தி பரவிய இடமெல்லாம் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களில் சிறுமிகள் மிகுதி. பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளின் பருவத்தையே வாங்கிவிடும் முறையை தவுலூரி வெங்கடேஸ்வரலுவின் ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. 'சின்ன விரல் இந்த வேலைக்குத் தோது' என்பது முதலாளிகளின் வாதம். குறைந்த கூலி அதைவிடத் தோது என்பதைச் சொல்வதில்லை.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது குறைந்தது உண்மை; மருந்தடித்த காட்டில் களையெடுத்த பெண்களுக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் சீனாவில் மரபணுவை ரகங்களிலும் ஏற்றினார்கள், இந்தியாவில் நிறுவனங்கள் ஏறக்குறைய முழுக்க ஒட்டுகளிலேயே ஏற்றின. பொட்டலம் 1,600 ரூபாய்க்கும் மேல் விற்றது, அதில் பெரும்பங்கு மரபணு உரிமத் தொகை. 2006-இல் ஆந்திர அரசு வழக்காடி 750 ரூபாயாகக் குறைக்க வைத்தது. அதற்குள் கடைகளில் பழைய ரகங்கள் அரிதாகிவிட்டன. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி.தான். 2010-இல் குஜராத்தின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யைத் தாங்கிக்கொண்டது வெளியானது. மருந்து தெளிப்பு திரும்பியது, பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

கணினி படிக்கும் மாணவிகளுக்கு இது புதிதாக இராது. மூலநிரல் தராமல் விற்கும் மென்பொருளும் இப்படித்தான்: இயக்கலாம், திருத்தவோ மறுபடி உருவாக்கவோ முடியாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வழியைப் பார்த்து, 2012-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் திறந்த மூல விதை முன்முயற்சி பிறந்தது. இந்த விதையை யாரும் பயன்படுத்தலாம், பிறரைத் தடுக்கும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை என்பது அதன் உறுதிமொழி. அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காப்புரிமை பெற்ற சோயாவின் வாரிசு விதையை விதைத்த பௌமன் என்ற விவசாயிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நம் சட்டம் அதைவிட மேல். 2001-இன் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, காக்கப்பட்ட ரகமானாலும் அதன் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். வணிகப் பெயரிட்டு விற்க மட்டும் தடை. இன்னொன்று: பாரம்பரிய ரகங்களைப் பேணுபவரையும், தேர்ந்தெடுத்து மேம்படுத்துபவரையும் அது 'உழவர்' என்கிறது. பட்டா யார் பெயரில் என்று கேட்கவில்லை. கணவர் பெயரில் மட்டும் நிலம் இருக்கும் வீடுகளில், விதைப் பானையைக் காத்தவளுக்குச் சட்டம் அந்தப் பெயரைத் தருகிறது. ஒட்டு விதையிடம் இந்த உரிமை பயனற்றுப் போகிறது, ஏனெனில் சேமிக்கத் தகுந்த எதுவும் அவள் கையில் இல்லை.

பூட்டில்லாத பி.டி.யை அரசே முயன்றது. பிகானேரி நர்மா என்ற ரகத்தில் மரபணுவை ஏற்றி, விதை சேமிக்கலாம் என்று 2009-இல் உழவர்களிடம் கொடுத்தார்கள். அதில் இருந்தது தனியார் நிறுவனத்தின் மரபணுதான் என்று தெரியவந்ததும் திட்டம் நின்றது. அரசு ஆய்வகத்தின் அலட்சியத்துக்கு உழவர்கள் கொடுத்த விலை அது.

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெருக்கி விதைக்க ஏற்ற கோ 17 ரகம் அதே பல்கலைக்கழகத்தில் உருவானது. அது ஒட்டு அல்ல, விதை எடுக்கலாம். தடை வேறிடத்தில் இருக்கிறது. தேனீக்கள் பக்கத்துக் காட்டு மகரந்தத்தைக் கொண்டுவரும் என்பதால், சான்று விதைப் பயிருக்கு வேறு பருத்தியிலிருந்து 30 மீட்டராவது இடைவெளி கேட்கிறார்கள். சுற்றிலும் பி.டி. நிற்கும்போது ஒரு ஏக்கர்க்காரி தனியாக அதைச் செய்ய முடியாது. அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் நாலைந்து பேராவது விதைப்புக்கு முன்பே ஒரே ரகத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.