ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கான பொதுநிதி

ஸ்காட்லாந்தின் மேற்கிலும் வடக்கிலும் சிதறிக் கிடக்கும் ஹெப்ரிடீஸ், ஆர்க்னி, ஷெட்லாந்து ஆகிய தீவுக்கூட்டங்கள், கடல் இடைப்பட்ட காரணத்தால் வாழ்க்கை வசதிகளில் பின்தங்கிவிடாதவாறு அரசாங்கம் செலவிட்டுவரும் பணமும், அதற்கென அமைத்த ஸ்தாபனங்களும் இத்தலைப்பில் அடங்கும்.

தொடக்கம்: 1846-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பஞ்சம் மூண்டபோது, தீவுகளில் ஜனங்கள் மிகுந்திருப்பதே துன்பத்திற்குக் காரணமெனப் பலர் கருதினர். ஆகவே 1852-க்கும் 1857-க்கும் இடையில், நன்கொடையும் காலனிகளின் நிதியும் கொண்டு நடந்த ஒரு சங்கம், ஏறத்தாழ 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. தீவினரைத் தீவிலேயே வாழவைக்கலாம் என்னும் எண்ணம், ஸ்கை தீவுக் குடியானவர்கள் 1882-இல் கிளர்ந்தெழுந்த பின்னரே வலுப்பெற்றது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுகுத்தகைக்காரரை நிலத்தினின்று வெளியேற்றலாகாது என விதித்தது. 1897-இல் அமைந்த நெருக்கடிப் பிரதேச வாரியம் சாலையும் படகுத்துறையும் அமைத்ததோடு, நிலம் வாங்கிக் குடிகளுக்குப் பகிர்ந்தும் கொடுத்தது. வாட்டர்சே என்னும் சிறு தீவில் அனுமதியின்றிக் குடிசை கட்டியதற்காக 1908-இல் சிலர் சிறை சென்றனர். மறு ஆண்டே அவ்வாரியம் அத்தீவை விலைக்கு வாங்கி, அதைக் குடியானவர்களுக்குச் சிறுகுத்தகை நிலங்களாகப் பகிர்ந்து கொடுத்தது.

செயின்ட் கில்டா: உதவி எல்லாத் தீவுகளையும் எட்டவில்லை. அட்லாண்டிக்கில் வெகுதூரம் ஒதுங்கிய செயின்ட் கில்டாவில் எஞ்சியிருந்த 36 பேர், தங்களை அப்புறப்படுத்துமாறு தாங்களே விண்ணப்பித்து, 1930 ஆகஸ்ட் 29 அன்று கப்பலேறினர். புறப்படுமுன் வீடுகளில் விவிலியத்தைத் திறந்து வைத்து, அருகே சிறிது ஓட்ஸ் தானியத்தையும் வைத்துச் சென்றனர் என்பர்.

பிற்காலம்: 1965-இல் இன்வர்னஸைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய மேட்டுநிலத் தீவு அபிவிருத்தி வாரியம், மீன்பிடித் தொழிலுக்கும் சிறுதொழில்களுக்கும் கடனும் மானியமும் வழங்கிற்று, 1991-இல் அதன் பணி வேறொரு ஸ்தாபனத்திடம் சென்றது. வாட்டர்சேயில் சாலை இணைப்பு அமையும்வரை, மாடுகளைச் சந்தைக்கு அனுப்ப வேண்டுமாயின், எதிர்க்கரையிலுள்ள பாரா தீவுக்கு அவற்றை நீந்தவைத்தே கொண்டுபோயினர். 1986-இல் அவ்வாறு நீந்திய உயர்சாதிக் காளையொன்று மூழ்கி இறந்தது. அதன்பின் வலுத்த கோரிக்கையின் பயனாக, கடலைத் தூர்த்து இட்ட சாலை 1991-இல் திறக்கப்பட்டது. 2008 முதல் சில தீவுகளுக்குப் படகுக் கட்டணம், அதே தூரத்தைச் சாலைவழி கடக்கும் செலவையொட்டிக் கணக்கிடப்பட்டது. புதிய கொள்கைகள் தீவுகளை எவ்வாறு பாதிக்கும் என முன்கூட்டியே ஆராய வேண்டுமென்று 2018-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

மதிப்பீடு: படகுத்துறையும் சாலையும் மலிவான கட்டணமும் தீவினருக்கு இடும் தர்மமல்ல, நிலப்பரப்பில் வாழ்வோர் கேளாமலே பெற்றுள்ள வசதியை, கடலுக்கு அப்பால் வாழ்வோரும் பெறுவதற்குரிய நியாயமே ஆகும். இந்நியாயம் வாட்டர்சேயைக் காத்தது. செயின்ட் கில்டாவுக்கோ அது உரிய காலத்தில் கிட்டவில்லை.