சட்டைப்பைத் துப்பாக்கி: பெயரும் உண்மையும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அங்கே படைக்கலக் கொட்டில் காட்டப்பெற்றது. பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அவை பளபளத்தன. எம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று அப்பெருமாட்டி கூறியதைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நமக்குச் சொல்கிறது. இப்பாட்டினை நாம் அங்கதச் சுவைக்காக மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயின், இதனுள் வரலாற்று மாணவனுக்குரிய பாடமும் ஒன்று உண்டு. ஒரு படைக்கலத்தின் தோற்றம் வேறு; அதன் பெயர் வேறு; அது செய்த வேலை வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவோர் ஏமாறுவர்.

வேலும் வாளும் மறைந்த காலத்தில், இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் பொருள் ஒன்று உள்ளது. சட்டைப்பையில் அடங்கும் சிறிய கைத்துப்பாக்கியே அது. மன்னர்களின் பீரங்கிகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இதனைப் பற்றி நம்மவர் எழுதியதில்லை. எனினும் தமிழர் வரலாற்றிலும், நாம் வாழும் இந்நாட்டின் வரலாற்றிலும் இச்சிறு கருவி ஆழ்ந்த வடுக்களை விட்டுச் சென்றிருக்கிறது.

சிறுமையின் இயல்பு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் உள்ளங்கையில் மறையக்கூடிய கைத்துப்பாக்கிகளைச் செய்து விற்றார். ஒருமுறை சுட்டால் மீண்டும் மருந்திட்டு நிரப்ப வேண்டியவை அவை. 1865 ஏப்ரல் 14-ஆம் நாள் நாடக அரங்கில் அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது இவ்வகைத் துப்பாக்கியே. அவருடைய பெயரைப் பலர் திருடினர். எழுத்தைச் சற்றே மாற்றித் தம் சரக்கின்மீது பொறித்தனர். நாளடைவில் அவர் பெயர் எல்லாச் சிறு துப்பாக்கிகளுக்கும் பொதுப்பெயராயிற்று. செய்தவரின் திறமைக்குக் கிடைத்த நற்பெயர், செய்யத் தெரியாதவரின் சரக்கையும் விற்றுக் கொடுத்தது.

அடுத்து வந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்கரான இவர் வகுத்த தானியங்கிக் கைத்துப்பாக்கியைப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டால் தொழிற்சாலை 1900-ஆம் ஆண்டளவில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1906-இல் அதனினும் சிறிய 6.35 மில்லிமீட்டர் துப்பாக்கி வெளிவந்தது. அது அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையினது. கோட்டின் உட்பையில் அடங்கியது.

இக்கருவி இயங்கும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். சுட்டவுடன் எழும் உந்துவிசை மேலுறையைப் பின்னே தள்ளுகிறது. வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கிறது. சுருள்வில் மேலுறையை முன்னே இழுக்கும்போது அடுத்த தோட்டா குழலுள் ஏறுகிறது. வில் தளர்ந்தாலும், தோட்டா அடைக்கும் தகட்டுறை சற்றே நெளிந்தாலும், தூசு சேர்ந்தாலும் இவ்வோட்டம் இடையில் நின்றுவிடும். உறுப்புகள் சிறிதாகச் சிறிதாக, அவற்றைச் செய்வதில் துல்லியம் மிகுதல் வேண்டும். குழல் குறுகியதால் குறியும் குறையும். தோட்டா சிறியதால் விசையும் குறையும். ஆகவே, சிறிய துப்பாக்கியை நன்கு செய்வது பெரியதைச் செய்வதினும் கடினம். அதனை மலிவாகவும் செய்ய முற்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

புகழ் வந்த வழி

பிரௌனிங் என்னும் பெயர் இந்தியாவுக்கு வந்த வரலாறு நாம் அறிந்ததே. 1909-இல் இலண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் துப்பாக்கிகளை மறைவாக அனுப்பினார். அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் நாசிக் நகர நாடக அரங்கில் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சித் தொடர்வண்டிச் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்ட துப்பாக்கியும் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங்கே. மூன்றாண்டு கழித்து, 1914 ஜூன் 28-ஆம் நாள் சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டையும் அவர் துணைவியாரையும் கவ்ரீலோ பிரின்சிப் சுட்டதும் அதே தொழிற்சாலையின் துப்பாக்கியால்தான். அது 1910-ஆம் ஆண்டு வகையினது. எனினும் 1900-ஆம் ஆண்டு வகையே என்று நெடுங்காலம் பல நூல்கள் எழுதி வந்தன. உலகப் போருக்கு வழிகோலிய கருவியின் பெயரைக்கூட நூல்கள் சரிபார்க்காமல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின.

இந்நிகழ்ச்சிகளை அடுக்கிப் பார்ப்பவர், அத்துப்பாக்கி குறி தவறாத பேராற்றல் உடையது என முடிவு கட்டக்கூடும். சற்றே உற்று நோக்குவோம். லிங்கனைச் சுட்டவன் அவர் பின்புறம் நெருங்கி நின்றான். நாசிக்கிலும் மணியாச்சியிலும் சுட்டவர்கள் மிக அருகில் நின்றனர். சராயேவோவில் இடைவெளி சில அடிகளே. அவ்வளவு அண்மையில் நிற்பவனுக்கு எந்தக் கருவியும் போதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் பழமொழி. அருகில் நிற்க முடிந்த இடமும், சுடப்பட்டவரின் பதவியும், மறுநாள் செய்தித்தாளின் தலைப்பும் சேர்ந்தே அச்சிறு கருவிக்குப் பெரும்பெயர் தந்தன. பிரௌனிங் நன்கு செய்யப்பட்ட கருவி என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் புகழ் தொழிற்சாலையில் பிறந்ததைவிடத் தலைப்புச் செய்தியில் பிறந்ததே மிகுதி.

மலிவு கேட்ட விலை

புகழ் பெற்ற பொருளுக்குப் போலி பிறப்பது உலகியற்கை. ஸ்பெயின் நாட்டின் எய்பார் நகரப் பட்டறைகள் பிரௌனிங்கைப் பார்த்துப் பல வகைத் துப்பாக்கிகளைச் செய்தன. முதல் உலகப் போரில் ஆயுதப் பற்றாக்குறையால் வாடிய பிரெஞ்சுப் படை, 1915-இல் 'ரூபி' என்னும் துப்பாக்கியை அங்கிருந்து வாங்கத் தொடங்கியது. தேவை பெருகப் பெருக, வேலை பல பட்டறைகளுக்குப் பங்கிடப்பட்டது. விளைவு யாது? ஒரு பட்டறையின் தகட்டுறை மற்றொரு பட்டறையின் துப்பாக்கியில் பொருந்தவில்லை. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். போர்முனையில் ஒன்றுக்கொன்று உதவாதவை. சீனத்தில் படைத்தலைவர்கள் ஆங்காங்கே ஆண்ட காலத்தில் கையாலேயே பிரௌனிங்கைப் போன்ற துப்பாக்கிகளைச் செய்தனர். அவற்றின்மீது ஐரோப்பிய எழுத்துகளைப் பொருளறியாமல் தலைகீழாகவும் மாற்றியும் பொறித்தனர். வாங்கியவன் எழுத்தைப் படிக்கவில்லை. எழுத்து இருந்ததையே மதித்தான்.

மலிவின் எல்லையை 1942-இல் அமெரிக்கா தொட்டது. பகைவர் பிடியிலிருந்த நாடுகளின் போராளிகளுக்கென 'லிபரேட்டர்' என்னும் தகரத் துப்பாக்கிகளைச் சில மாதங்களில் பத்து லட்சம் செய்தது. ஒன்றின் அடக்கவிலை இரண்டு டாலருக்குச் சற்று மேல். ஒரே ஒரு தோட்டாவைச் சுடும். வெற்றுக்கூட்டைக் குச்சியால் குத்தித் தள்ள வேண்டும். இதைக் கொண்டு ஒரு பகைவீரனை வீழ்த்தி அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்க என்பதே அதன் நோக்கம். தன் கருவி நல்லதன்று எனச் செய்தவனே ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது.

போருக்குப் பின் அந்நாட்டு நகரங்களில் மலிவான சிறு துப்பாக்கிகள் பெருகின. மக்கள் அவற்றைச் 'சனிக்கிழமை இரவுத் துப்பாக்கி' என்று இழித்துரைத்தனர். 1968-இல் ராபர்ட் கென்னடி .22 அளவுள்ள மலிவான சுழல் துப்பாக்கியால் கொல்லப்பட்ட பின், அவ்வாண்டுச் சட்டம் அத்தகைய சிறு துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டில் செய்வதை அது தடுக்கவில்லை. ஆகவே 1970 முதல் கலிபோர்னியாவில், துத்தநாகக் கலவையை வார்த்து மலிவுத் துப்பாக்கி செய்யும் நிறுவனங்கள் தோன்றின. உருக்கினும் மெலிந்த அவ்வுலோகம் விரைவில் தேயும். அக்கருவிகளின் பெயர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

ஆயினும் கெட்ட பெயர் கொண்ட கருவி தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. 1981 மார்ச் 30-ஆம் நாள் அதிபர் ரீகனை நோக்கி ஒருவன் அத்தகைய மலிவான சுழல் துப்பாக்கியால் ஆறு முறை சுட்டான். ஒரு தோட்டாவும் நேரே அவர்மீது படவில்லை. வண்டியின்மீது பட்டுத் தெறித்த ஒன்றே அவர் மார்பில் பாய்ந்தது. குறி வைக்கப்படாத மூவர் காயமுற்றனர். அவர்களுள் அதிபரின் செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி வாழ்நாள் முழுதும் முடங்கினார். நம்பத்தகாத துப்பாக்கி, குறிவைத்தவரை விட்டு அருகில் நின்றவரை அழிக்கும்.

தில்லியில் பத்து நாள்

ஒரு கருவி பழுதாக இருப்பதும் செம்மையாக இருப்பதும் வரலாற்றில் எத்தகைய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு, நெஞ்சை உறுத்தும் சான்று 1948-ஆம் ஆண்டில் உள்ளது. காந்தியடிகளைக் கொல்லச் சூழ்ந்தோர் ஜனவரி 20-ஆம் நாள் காலையில் தில்லியில் ஒரு காட்டுப் பகுதியில் தம்மிடமிருந்த இரண்டு சுழல் துப்பாக்கிகளைச் சோதித்தனர். ஒன்றின் சுழலறை சரியாக இயங்கவில்லை. மற்றொன்றின் தோட்டா குறிவைத்த மரத்தை எட்டாமலே விழுந்தது. வழக்கு மன்றச் சாட்சியத்தில் வெளிவந்த செய்தி இது. அன்று மாலை அவர்கள் திட்டம், இதனோடு அச்சமும் குழப்பமும் சேர, குலைந்தது. பின்னர் அவர்கள் குவாலியரில் இத்தாலிய நாட்டுப் பெரெட்டா துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பெற்றனர். 1934-ஆம் ஆண்டு வகையான அது பழுதின்றி இயங்கியது. ஜனவரி 30-ஆம் நாள் மாலை மூன்று குண்டுகள் பாய்ந்தன. உலகம் அண்ணலை இழந்தது. நல்ல துப்பாக்கி என்னும் சொல்லில் 'நல்ல' என்பதன் பொருள் என்ன என்று அன்று முதல் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாயினோம்.

நம் நாட்டில்

அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், ஓரிரு நாளில் கூட்டரசு முழுவதிலும் அது நடப்புக்கு வந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏனைய நாடுகளில் துப்பாக்கி செய்த வேலையைப் பார்த்தோம். இங்கோ, அது வேலை எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒருவனிடம் இருந்தாலே போதும்.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949-இல் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகக் கூறப்பட்டது ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். எவரையும் சுட்டதாக அவர்மீது வழக்கில்லை. இந்திய அரசு பரிந்து பேசியும் பயனின்றி, அவ்வாண்டு மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

நம் ஜொகூரில் எழுந்த வழக்கு இன்னொன்று. 1948 செப்டம்பரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவர்மீது துப்பாக்கி ஏந்தியது, தோட்டா வைத்திருந்தது என இரு குற்றங்கள் சாட்டப்பட்டன. தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒருமுறை குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்ட செய்தியை, பின்னைய விசாரணையில் அவருக்கெதிராகத் திருப்புதல் ஆகாது என்று அம்மன்றம் 1950-இல் தீர்ப்பளித்துத் தண்டனையை நீக்கியது. இன்றும் காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்கள் அத்தீர்ப்பை எடுத்தாளுகின்றன. கணபதியின் உயிரைக் காக்க இயலாத சட்டம், சாம்பசிவத்தின் உயிரைக் காத்தது. இரண்டு வழக்கிலும், அத்துப்பாக்கி நன்கு சுடுமா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

விடுதலைக்குப் பின்னும் சட்டத்தின் கடுமை தணியவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டமும், தண்டனையைக் கூட்டிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. போலித் துப்பாக்கியைக் காட்டி அச்சுறுத்திக் கொள்ளையிடுவதையும் பின்னது தண்டிக்கிறது. 1977-இல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பினாங்கில் 14 வயதுச் சிறுவனுக்கு, அப்போதிருந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டது. 14 வயது என்பது இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் படிவம் என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அச்சட்டம் 2012-இல் நீங்கியது. கட்டாய மரண தண்டனையும் 2023-இல் ஒழிந்தது. எனினும் சிறைக்கதவு இன்றும் திறந்தே இருக்கிறது.

கற்பிக்கத் தக்கது

வாஞ்சிநாதன் பாடத்தை நடத்தும்போது, மாணவர்களின் கண்கள் துப்பாக்கி என்னும் சொல்லில் ஒளிர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். திரைப்படங்களும் அவ்வொளியை வளர்த்தே வருகின்றன. அவ்வார்வத்தை அதட்டி அடக்க வேண்டா. கேள்வியாக மாற்றுதல் வேண்டும். இக்கருவியைச் செய்தவர் யார்? அது உண்மையில் செய்தது என்ன? அதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார்? மணியாச்சியில் அவ்விலையைக் கொடுத்தவர் ஆஷ் மட்டுமல்லர்; அடுத்த சில நிமிடங்களில் அதே துப்பாக்கியால் தம்மையே மாய்த்துக்கொண்ட இளைஞரும் ஆவார்; தொடர்ந்த வழக்கில் சிறை சென்ற அவர்தம் தோழர்களும் ஆவர். அதே மண்ணில் 1906-இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், எவர் உயிரையும் பறிக்காமல் ஆங்கில வணிகத்தை நடுங்கச் செய்தது என்பதையும் உடன் சொல்லுதல் முறை.

செய்தவன் இலாபம் பெற்றான். செய்தித்தாள் புகழ் தந்தது. கையில் ஏந்தியவன் உயிரைக் கொடுத்தான். இச்சிறு கருவியின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை இம்மூன்று தொடர்களில் அடக்கிவிடலாம். மாலை சூடிய படைக்கலத்தைக் கண்டு மயங்காத ஔவையாரின் பார்வை நம் மாணவர்க்கு வாய்க்குமாயின், புறநானூற்று வகுப்பு வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.