மாடி யாருக்கு?

மாடி வீடு என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இருக்கிறவன் கட்டுகிறான், இல்லாதவன் குடிசையில் கிடக்கிறான், அவ்வளவுதான் என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பல்லவரும் சோழரும் பார்ப்பனர்களுக்குப் பிரமதேயமாக ஊர்களை எழுதிக்கொடுத்த செப்பேடுகளைப் பாருங்கள். நிலம், வரிவிலக்கு எல்லாம் எழுதிய பிறகு வேறு சில உரிமைகளையும் வரிசையாக அடுக்குகிறார்கள். கிணறு தோண்டிக்கொள்ளலாம், தென்னை வைத்துக்கொள்ளலாம், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம். கையில் காசிருந்தால் போதுமென்றால் இதை ஏன் செப்பேட்டில் வெட்ட வேண்டும்? ராஜா எழுதிக்கொடுத்தால் மாடி. எழுதிக்கொடுக்காதவனுக்கு மண்சுவர்.

கொங்கு நாட்டில் கம்மாளர்களுக்குக் கொடுத்த உரிமையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அதில் வருகிறது. ஊருக்கெல்லாம் மாளிகை கட்டித்தந்த கைவேலைக்காரன், தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ராஜாவிடம் ஓலை வாங்க வேண்டியிருந்திருக்கிறது! திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு எழுப்பக்கூடாது என்ற தடை 19ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. நம் ஜனங்களின் நிலையைக் கேட்கவே வேண்டாம். ராஜராஜனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஊர் நத்தத்தோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகப் பேர் சொல்லிக் கிடக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே குடியிருப்புக்குக் கோடு கிழித்து, கல்லிலும் வெட்டியாயிற்று.

நான் திருவெள்ளறைக்காரன். துறையூர் ரோட்டில், வெள்ளைப் பாறைமேல் புண்டரீகாட்சன் கோயில் உள்ள ஊர். அங்கே ஸ்வஸ்திக வடிவத்தில் ஒரு கிணறு இருக்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் எடுப்பித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு. நாலு பக்கமும் படி. ஒரு படித்துறையில் குளிக்கிறவர்களை அடுத்த படித்துறையில் இருப்பவர்கள் பார்க்க முடியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். தொல்லியல் துறை போர்டு வைத்திருக்கிறது. கட்டியவன் பேர் தெரிகிறது, ராஜா பேர் தெரிகிறது. மண் சுமந்தவர்கள் எந்தப் படியில் இறங்கினார்கள் என்பதற்கு மட்டும் கல்வெட்டில் வரி கிடையாது.

எங்கள் ஊர் ஆட்கள் பிழைப்புக்குப் போவது கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குத்தான். ஏழு மதில் சுற்றிய ஊர் அது. உள்சுற்றுகள் கோயில். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெரு என்று வெளிச்சுற்றுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். மதிலுக்குள்ளேயே தெருவும் வீடும் உள்ள உயிருள்ள நகரம் என்று வெளிநாட்டுக்காரர்கள் வியந்து எழுதுகிறார்கள். 2017இல் கோயிலைப் புதுப்பித்த வேலைக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மதில் யாரைத் தள்ளி வைப்பதற்கு நின்றது என்பதையும் சேர்த்துத்தானே பாரம்பரியம் என்று பேச வேண்டும்?

உறையூர்ப் பாணர் கதை எல்லோருக்கும் தெரியும். திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றுதான் பாடினார். லோகசாரங்க முனி கல்லால் அடித்தார், பிறகு பெருமாள் சொல்லித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே போனவர் பெருமாளோடு கலந்துவிட்டார், அத்தோடு கதை முடிந்தது. நந்தனார் தீயில் கலந்தார், இவர் கருவறையில் கலந்தார். உள்ளே விடப்பட்ட நம்மாள் யாரும் சித்திரை வீதியில் ஒரு வீடு பிடித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்ததாகப் புராணம்கூடச் சொல்லத் துணியவில்லை. இத்தனைக்கும் இந்த மதில்கள் பட்டாளத்துக்கு இடம் கொடுத்தவை. 1752இல் சந்தா சாகிப்பின் படையும் ழாக் லா தலைமையில் பிரெஞ்சுக்காரர்களும் இந்தத் தீவின் கோயில் மதில்களுக்குள்ளேதான் முகாம் போட்டிருந்தார்கள். மாட்டுக்கறி தின்னும் பிரெஞ்சுச் சிப்பாய் தங்கிய இடம் அது.

1987இல் ராஜகோபுரம் 236 அடிக்கு எழும்பி முடிந்தது. 1994இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. திண்ணை வீடுகள் பல இடிந்து அடுக்குமாடிகள் வந்தன. மேல்தளத்துக்கு இப்போது தனி மவுசு. லிஃப்ட், ஏசி, கார் நிறுத்த இடம், கூடவே மொட்டை மாடியில் நின்றால் கோபுர தரிசனம். பென்ட்ஹவுஸ் என்கிறார்கள். கோபுரம் தெரிகிற ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

சொந்தக்காரர் ஒருவர், நல்ல சம்பளத்தில் இருக்கிறவர், அப்படி ஒரு மேல்மாடிக்கு ஆசைப்பட்டார். நானும் கூடப் போனேன். வாடகை, அட்வான்ஸ் எதிலும் பேரம் இல்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் புரோக்கர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். வெள்ளறை என்றோம். "வெள்ளறைல எந்தத் தெரு?" எங்களுக்கு ஏது தெரு? காலனி என்றோம். "ஓனர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே" என்றார். அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. சாதி என்ற வார்த்தையை அவர் ஒருதரம்கூட உச்சரிக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். 'சைவம் மட்டும்' என்ற போர்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. பார்ப்பனர் வீடுகளில் மட்டும் இப்படி என்றும் நினைத்துவிடாதீர்கள். திருச்சியில் இடைச்சாதி வீட்டுக்காரர்களிடம் வீடு கேட்டுப் பார்த்த நம் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

1917இல் அம்பேத்கர் பரோடாவில் பட்டதும் ஒரு மேல்மாடியில்தான். அமெரிக்காவில் படித்துவிட்டுச் சமஸ்தான வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் மாடி அறையில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து மறித்தார்கள். கடைசியில் பொதுப் பூங்காவில் உட்கார்ந்து நேரத்தைப் போக்கிவிட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறினார். விடுதியில் அவரைக் காப்பாற்றியது பணமும் படிப்பும் இல்லை, பொய்ப் பெயர்தான். அதுவும் பத்து நாள்தான் தாங்கியது.

பிறகு அவரே வரைவுக்குழுத் தலைவராக இருந்து எழுதிய சாசனத்தில் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எல்லாவற்றையும் சொல்கிறது. வாடகை வீடு அதில் பெயர் சொல்லி வரவில்லை. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன்வழி வந்த 1955ஆம் வருஷச் சட்டம், இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப்படுவது, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்று தெளிவாகவே சொல்கிறது. நம் தோழர்களில் பலருக்கே இது தெரியாது. ஆனால் 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்துக்கொள்வதை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தமிழகத்தின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

வழக்கு என்று போனால் நிரூபி என்பார்கள். "எந்தத் தெரு?" என்று கேட்டதை எப்படி நிரூபிப்பது? சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் தில்லி வட்டாரத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. ஒரே வீட்டுக்கு மேல்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் தனித்தனியாகக் கேட்டு, வந்த பதிலைக் குறித்துக்கொண்டார்கள். முதல் பெயருக்குக் கதவு திறந்தது, மற்ற பெயர்களுக்குப் பல இடங்களில் மூடிக்கொண்டது. ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் நம் மாணவர்கள் இதைச் செய்யலாம். கேட்ட தேதி, கேட்ட வார்த்தை, எங்களிடம் இல்லையென்ற வீடு அடுத்த வாரம் யாருக்குப் போனது என்று மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.