பாம்பு விஷமும் பழங்குடிச் சான்றிதழும்

1/ பாம்பு கடிச்சு வர்றவங்களுக்கு நாங்க ஏத்தற விஷமுறிவு மருந்துக்கான விஷம் பெரும்பாலும் எங்கேர்ந்து வருது தெரியுமா? ஈக்காட்டுத்தாங்கல்லேர்ந்து கிளம்பினா ஈசிஆர்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. வடநெம்மேலி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

2/ இருளர்கள் பாம்புத்தோல் வித்துப் பிழைச்சவங்க. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1976ல தோல் ஏற்றுமதித் தடை. பாம்புக்கு நல்லது, இருளருக்குப் பிழைப்பு போச்சு. 1978ல ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்: பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்ப விட்டுடுவாங்க. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

3/ உலக அளவுல என்ன நடந்தது? பழங்குடிகளுக்கான ஐஎல்ஓ 107வது உடன்படிக்கையை (1957) இந்தியா 1958ல ஏத்துக்கிச்சு. அது பழங்குடிகளை மத்தவங்களோட கரைக்கப் பார்த்தது. அதுக்கு மாற்றா 1989ல வந்த 169ஐ இன்னும் ஏத்துக்கல.

4/ 1992ல ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில சேர்ந்தோம். பழங்குடிக் குழந்தைக்குத் தன் மொழி, பண்பாட்டோட வாழ உரிமை உண்டுன்னு அதோட 30வது பிரிவு சொல்லுது. 28வது பிரிவு கல்வி.

5/ நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரே காகிதத்துல வந்து நிக்குது: கோட்டாட்சியர் தர்ற பழங்குடிச் சான்றிதழ். அது இல்லாம இடஒதுக்கீடு இல்ல. அப்பா அம்மாகிட்ட இல்லன்னா பிள்ளைக்கும் இழுத்தடிப்பு. ஆவணமே இல்லாம வாழ்ந்தவங்ககிட்ட ஆவணம் கேக்கறோம்.

6/ உங்க பக்கத்துல இருளர் குடியிருப்பு இருந்தா, ஒரு பிள்ளையோட மனுவை எழுதிக் கொடுங்க. சான்றிதழ் கைக்கு வர்ற வரைக்கும் கூடப் போங்க.