என் இனிய இயந்திரா

என் இனிய இயந்திரா என்பது எழுத்தாளர் சுஜாதா எழுதிய அறிவியல் புனைகதைப் புதினம் ஆகும். இது 1980களில் ஆனந்த விகடன் வார இதழில் தொடர்கதையாக வெளிவந்து, பின்னர் நூலாக்கம் பெற்றது. கி.பி. 2021 ஆம் ஆண்டில், ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கும் இந்தியாவில் கதை நிகழ்கிறது. காணாமற்போன தன் கணவனைத் தேடும் நிலா என்ற இளம்பெண்ணும், ஜீனோ என்ற பேசும் இயந்திர நாயும் இதன் முதன்மைப் பாத்திரங்கள். இப்புதினம் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. இதன் தொடர்ச்சியாகச் சுஜாதா எழுதிய புதினம் மீண்டும் ஜீனோ ஆகும்.

அறிவியல், மர்மம், காதல் ஆகிய மூன்றையும் ஒரே இழையில் கோத்த இக்கதை, தமிழில் அறிவியல் புனைகதையைப் பொது வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுசென்ற படைப்புகளுள் ஒன்றாகும்.

பெயர்

இயந்திரம் என்பது அஃறிணைச் சொல். அதனை 'இயந்திரன்' என உயர்திணை ஆண்பாலாக்கி, விளி வேற்றுமையில் 'இயந்திரா' என்று அழைப்பதாகத் தலைப்பு அமைந்துள்ளது. இயந்திரத்தை ஒரு பொருளாகக் கருதாமல் ஓர் ஆளாக விளித்துப் பேசுவது இப்புதினத்தின் மையக் கருத்துக்குப் பொருத்தமானது.

கதைக்களம்

ஜீவாவின் ஆட்சியில் குடிமக்களின் வாழ்வு முழுவதும் அரசின் கணினிகளில் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர்கள் இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கியவை. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா எனக் கதை மாந்தர் அனைவரின் பெயர்களும் இவ்விதிக்கு உட்பட்டே அமைந்துள்ளன. இயந்திர நாயின் பெயரும் ஈரெழுத்தே. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி தேவை. முதியோர் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேல் உயிர்வாழ அனுமதிக்கப்படுவதில்லை.

வெளித்தோற்றத்தில் இந்நாட்டில் பசியும் குழப்பமும் இல்லை. ஒழுங்கு இருக்கிறது, கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இல்லை. மக்கள் ஜீவாவைப் போற்றுகின்றனர். ஆனால் அவனைக் காண்பது படிமங்களின் வழியாகவே.

கதைச் சுருக்கம்

(எச்சரிக்கை: இப்பகுதியில் கதையின் முடிவு வெளிப்படுத்தப்பட்டுள்ளது. புதினத்தை இனிமேல் படிக்க விரும்புவோர் இப்பகுதியைத் தவிர்க்கலாம்.)

நிலாவும் அவள் கணவன் சிபியும் குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதியைப் பெறுகின்றனர். அவர்கள் மகிழ்ந்திருக்கும் வேளையில் ரவி என்பவன் தன் இயந்திர நாய் ஜீனோவுடன் அவர்கள் வீட்டில் தங்க வருகிறான். இதனிடையே சிபி காணாமற்போகிறான். யாவற்றையும் கணினியில் பதிந்துவைத்திருக்கும் ஓர் அரசில், ஒரு மனிதன் எவ்வாறு தடமின்றி மறைய முடியும் என்பதே கதையின் முதல் முடிச்சு.

கணவனைத் தேடும் முயற்சியில் நிலாவுக்கு ரவியின் துணை கிட்டுகிறது. ரவியும் அவனுடைய நண்பன் மனோவும் ஜீவாவின் ஆட்சியை வீழ்த்தத் திட்டமிட்டுவருபவர்கள் என்பது மெல்ல வெளிப்படுகிறது. அத்திட்டத்தில் நிலாவும் பங்கேற்கிறாள். ஜீவா என்று ஒருவன் உண்மையில் இல்லை, மக்கள் வணங்கிவந்தது ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளிப்படிமத்தையே என்பது கதையின் பெரும் திருப்பம்.

பொய்யுரு கலைந்த பின்னரும் நாட்டுக்கு விடுதலை கிடைப்பதில்லை. நிலா அரசியாக அமர்த்தப்படுகிறாள். அதிகாரமோ ரவி, மனோ ஆகியோரின் கைக்குச் செல்கிறது. முன்னர் ஒளியால் ஆன பொம்மை இருந்த இடத்தில் இப்போது உயிருள்ள ஒரு பெண் வைக்கப்படுகிறாள் என்பதே வேறுபாடு. தான் பெயரளவுக்கு மட்டுமே அரசி என்பதை உணரும் நிலா, ஜீனோவின் துணையுடன் அந்நிலையிலிருந்து மீள முயல்வது மீண்டும் ஜீனோ புதினத்தின் கதையாகும்.

முதன்மைக் கதை மாந்தர்

நிலா: கதையின் நாயகி. அரசை நம்பும் எளிய குடிமகளாக அறிமுகமாகி, கணவனின் மறைவுக்குப் பின் ஐயப்படக் கற்றுக்கொள்பவள்.

சிபி: நிலாவின் கணவன். அவனுடைய மறைவே கதையை நகர்த்துகிறது.

ரவி: நிலாவின் வீட்டில் தங்க வருபவன், ஜீனோவின் உரிமையாளன்.

மனோ: ரவியின் கூட்டாளி.

ஜீவா: நாட்டின் தலைவனாக மக்கள் நம்பும் உருவம்.

ஜீனோ: இயந்திர நாய். தமிழ் பேசும், நூல்களைப் படிக்கும், கேலி செய்யும். தனக்கு எழுதப்பட்ட நிரலுக்கு அப்பால் தானே கற்றுக்கொள்ளும் இயல்புடையது. ரவிக்கு உரியதாயினும் நிலாவின்மேல் பற்றுக் கொள்கிறது.

இப்புதினத்தில் காதல் இரண்டு தளங்களில் இயங்குகிறது. ஒன்று, காணாமற்போன கணவன்மீது நிலா கொண்ட அன்பு. மற்றொன்று, ஜீனோ நிலாவிடம் கொள்ளும் பற்று. மனிதர்கள் ஒருவரையொருவர் கருவியாகப் பயன்படுத்தும் ஒரு கதையில், கருவியாகப் படைக்கப்பட்ட ஜீனோ மட்டுமே நட்புக்கு உண்மையாக இருக்கிறது.

அறிவியல் கூறுகள்

இயந்திர நாய்

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தின் வழியாக உலகுக்கு அறிமுகமானது. இயந்திர மனிதர்கள் மனிதருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது உள்ளிட்ட மூன்று விதிகளை ஐசாக் அசிமோவ் 1942 இல் ஒரு சிறுகதையில் வகுத்தார். சுஜாதா தம் இயந்திரத்துக்கு மனித உருவைத் தராமல் நாயின் உருவைத் தந்தார். வீட்டு நாயிடம் அச்சமின்றிப் பேசும் இயல்பு வாசகருக்கு ஏற்கெனவே இருப்பதால், ஜீனோ கதைக்குள் எளிதில் பொருந்திவிடுகிறது.

சப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை 1999 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உற்பத்தி 2006 இல் நிறுத்தப்பட்டது. புதிய வடிவம் 2018 இல் வெளியானது. பழுதுபார்க்க இயலாமற்போன பழைய ஐபோக்களுக்குச் சப்பானின் சீபா மாநிலத்தில் உள்ள ஒரு பௌத்தக் கோயிலில் 2015 முதல் இறுதிச் சடங்குகள் நடத்தப்பட்டன. இயந்திர நாயின்மீது மனிதர் பற்றுக் கொள்வது வெறும் கற்பனையன்று என்பதற்கு இது சான்றாகும்.

தானே கற்றல்

ஜீனோ தனக்கு எழுதித் தரப்பட்ட கட்டளைகளை மட்டும் நிறைவேற்றுவதில்லை. படித்துப் படித்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வழமையான மென்பொருளில் ஒவ்வொரு படியையும் நிரலாளர் முன்கூட்டியே எழுதவேண்டும். கற்கும் இயந்திரத்தில் எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தால், பிழையின் அளவைக் கொண்டு இயந்திரம் தன் உள் எடைகளைத் திருத்திக்கொள்ளும். இம்முறையில் நரம்பணுப் பின்னல்களைப் பயிற்றுவிப்பது குறித்து ரூமெல்கார்ட், இன்டன், வில்லியம்சு ஆகியோர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நேச்சர் இதழில் 1986 இல் வெளியானது. உரையாடக்கூடிய சாட்ஜிபிடி மென்பொருள் நவம்பர் 2022 இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. கதை நிகழ்வதாகக் கூறப்படும் காலத்துக்கு இது மிக அண்மையானது.

ஒளிப்படிமத் தலைவன்

ஹோலோகிராம் முறையை டென்னிசு கபோர் 1947 இல் கண்டறிந்தார். இதற்காக 1971 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். பொருளிலிருந்து சிதறி வரும் ஒளியும் மற்றோர் ஒளிக்கற்றையும் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது உண்டாகும் கோலத்தைத் தகட்டில் பதிவு செய்வதே இதன் அடிப்படை. அத்தகட்டின்மேல் மீண்டும் ஒளியைச் செலுத்தினால் பொருளின் முப்பரிமாணத் தோற்றம் கிடைக்கும். 1960 இல் லேசர் உருவாக்கப்பட்ட பின்னரே இம்முறை நன்கு வளர்ச்சியடைந்தது.

புதினத்தில் வருவதுபோல வெற்று வெளியில் நடமாடும் உருவத்தைக் காட்டுவது இதனினும் கடினமானது. மேடைகளில் 'ஹோலோகிராம்' எனப் பெயரிட்டுக் காட்டப்படுபவை பெரும்பாலும், சாய்வாக நிறுத்திய ஒளி ஊடுருவும் திரையில் உருவத்தைப் பிரதிபலிக்கச் செய்யும் 19 ஆம் நூற்றாண்டு நாடக உத்தியின் புதிய வடிவங்களே. 2012 குசராத்துச் சட்டமன்றத் தேர்தலிலும் 2014 நாடாளுமன்றத் தேர்தலிலும் நரேந்திர மோதியின் பரப்புரைக்கு இத்தகைய உத்தி பயன்பட்டது. அங்கு உருவத்துக்குப் பின்னால் உண்மையாகவே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சனவரி 2024 இல், ஒரு நூல் வெளியீட்டு விழாவை ஒட்டி, 2018 இல் மறைந்த முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை அறிவுத்திறனால் உருவாக்கப்பட்டு வாழ்த்துரை வழங்கின. இல்லாத ஒருவரை மக்கள் முன் பேசவைக்க முடியும் என்ற புதினத்தின் கற்பனை இன்று தொழில்நுட்ப அளவில் நிறைவேறியுள்ளது.

குடிமக்கள் எண்

இந்தியாவில் தனித்துவ அடையாள ஆணையம் 2009 இல் அமைக்கப்பட்டது. 12 இலக்க ஆதார் எண் முதன்முதலாகச் செப்டம்பர் 29, 2010 அன்று மகாராட்டிர மாநிலத்தில் வழங்கப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் ஆகத்து 24, 2017 அன்று தீர்ப்பளித்தது. ஆதார் செல்லும் என்றும், ஆனால் அதன் பயன்பாட்டுக்கு வரம்புகள் உண்டு என்றும் 2018 இல் தீர்ப்பு வந்தது. எண் தருவது தவறா என்பது புதினம் எழுப்பும் வினாவன்று. அந்த எண்ணை வைத்திருப்பவரை யார் கேள்வி கேட்பது என்பதே அதன் வினா.

பின்னணி

கதையில் வரும் கட்டுப்பாடுகளுக்கு அக்காலத்திலேயே முன்மாதிரிகள் இருந்தன. சூன் 1975 முதல் மார்ச்சு 1977 வரை இந்தியாவில் நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது. பத்திரிகைத் தணிக்கையும் கட்டாயக் கருத்தடையும் அக்காலத்தில் நிகழ்ந்தன. சீனா ஒரு குழந்தைக் கொள்கையை 1979–80 இல் தொடங்கி 2015 வரை கடைப்பிடித்தது. யாரும் நேரில் காணாத தலைவன் எங்கும் நோக்கிக்கொண்டிருக்கும் அரசு, சார்ச் ஆர்வெல் 1949 இல் வெளியிட்ட புதினத்தையும் நினைவூட்டும்.

ஆசிரியரும் வாக்குப்பதிவு இயந்திரமும்

சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (மே 3, 1935 – பெப்ரவரி 27, 2008) தொழிலால் மின்னணுப் பொறியாளர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனத்தில் பணியாற்றியபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தார்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 1982 இல் கேரளத்தின் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984 இல் தீர்ப்பளித்தது. 1988 இல் சட்டம் திருத்தப்பட்டு 1989 இல் நடைமுறைக்கு வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் இவ்வியந்திரம் பயன்பட்டது. வாக்காளர் தம் வாக்கைத் தாளில் கண்டு உறுதிசெய்துகொள்ளும் வசதி 2013 இல் அறிமுகமானது.

தேர்தலே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்தவரும், தேர்தலுக்கான இயந்திரத்தை உருவாக்குவதில் பங்கேற்றவரும் ஒருவரே என்பது கருதத்தக்கது. இயந்திரத்தை இப்புதினம் தீயதாகக் காட்டவில்லை. ஜீவாவின் உருவமும் இயந்திரத்தின் படைப்பு. ஜீனோவும் இயந்திரத்தின் படைப்பு. முன்னதன் பின்னால் இருப்பவரை எவரும் காண இயலாது. பின்னதோ கேட்ட கேள்விக்கு நேரே நின்று மறுமொழி தருகிறது. இயந்திரத்தின் நன்மையும் தீமையும் அது சோதனைக்கு உட்படுகிறதா என்பதைப் பொறுத்தவை என்பதே கதையிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

நடை

வார இதழ்த் தொடர்களுக்கு உரியவாறு ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிறைவடையும். சிறு வாக்கியங்களும் விரைவான உரையாடல்களும் சுஜாதாவின் பிற புதினங்களைப் போலவே இதிலும் உள்ளன. அறிவியல் செய்திகள் தனி விளக்கவுரைகளாக அல்லாமல் பேச்சினூடே தரப்படுகின்றன. ஜீனோவின் நகைச்சுவை, இருண்ட கதைக்களத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

விரைவே இதன் குறையும் ஆகும். நிலா கதையின் மையத்தில் இருந்தாலும், முதற் புதினத்தில் பெரும்பாலும் பிறருடைய முடிவுகளால் நகர்த்தப்படுபவளாகவே இருக்கிறாள். அவள் தானே முடிவெடுக்கத் தொடங்குவதைக் காண வாசகர் தொடர்ச்சிப் புதினம் வரை காத்திருக்கவேண்டியுள்ளது.

தாக்கம்

சுஜாதா இதற்கு முன்பே சொர்க்கத் தீவு முதலிய அறிவியல் கதைகளை எழுதியிருந்தார். 1986 இல் வெளியான விக்ரம் திரைப்படத்தின் கதையிலும் கணினியும் ஏவுகணையும் இடம்பெற்றன. எனினும் பரவலான வாசகர் நினைவில் நிலைத்த பாத்திரம் ஜீனோவே. தொடர்கதைப் பக்கங்களை இதழிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்து வைக்கும் வழக்கம் இருந்த காலத்தில் வெளிவந்ததால், நூலாக வருமுன்னரே இத்தகைய தொடர்கள் பல வீடுகளில் நூலுருவில் இருந்தன.

ஷங்கர் இயக்கி 2010 இல் வெளியான எந்திரன் திரைப்படத்தின் எழுத்துப் பணியிலும் சுஜாதா பங்கேற்றார். படப்பிடிப்பு தொடங்கிய 2008 ஆம் ஆண்டிலேயே அவர் காலமானதால், அப்படத்தை அவர் காணவில்லை. கதை நிகழும் ஆண்டான 2021 ஐயும் அவர் காணவில்லை. அவ்வாண்டு வந்தபோது, புதினத்தில் கூறப்பட்டவற்றுள் எவை நிகழ்ந்தன, எவை நிகழவில்லை என்று வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். முதியோரைக் கொல்லும் சட்டம் வரவில்லை. பேசும் இயந்திரமும், எண்ணால் அறியப்படும் குடிமகனும், ஒளியால் ஆன தலைவனின் உருவமும் ஏதேனும் ஒரு வடிவில் வந்துள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

மீண்டும் ஜீனோ
சுஜாதா
அறிவியல் புனைகதை
மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்
எந்திரன் (திரைப்படம்)