ஹவ்ஹிங்ஸ்டன் (கப்பல்)

டென்மார்க்கின் ரொஸ்கில்டே நகரில், வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தின் கட்டுதுறையில், 2000 முதல் 2004 வரை பார்வையாளர்களின் கண்முன்னே கட்டப்பட்ட மரப் போர்க்கப்பல் இது. முழுப்பெயர் ஹவ்ஹிங்ஸ்டன் ஃபிரா கிளெண்டலாக். நீளம் சுமார் 30 மீட்டர். அகலம் 4 மீட்டருக்கும் குறைவு. 60 துடுப்புகளும் ஒரே பாயும் உண்டு.

இதற்கு மூலம் ஸ்குல்டெலெவ் 2 என்ற பழங்கப்பல். பகைவர் கடல்வழியே நகருக்கு வராதபடி 11ஆம் நூற்றாண்டில் ரொஸ்கில்டே கடற்கழியில் பழைய கப்பல்களைக் கல்லேற்றி மூழ்கடித்தனர். 1962இல் அவற்றில் ஐந்து அகழ்ந்தெடுக்கப்பட்டன. மரத்தின் ஆண்டுவளையங்களை ஆராய்ந்ததில், ஸ்குல்டெலெவ் 2 அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் 1042 வாக்கில் ஓக் மரத்தால் கட்டப்பட்டது எனத் தெரிந்தது. எஞ்சியது கால் பங்குதான். ஆனால் அந்தப் பலகைகளில் கோடரித் தடங்கள் அழியாமல் இருந்தன.

வைக்கிங் தச்சர் பலகைக்கு ரம்பம் போடுவதில்லை. பச்சை அடிமரத்தில் ஆப்புகளை வரிசையாக அடித்து இரண்டாக, நான்காக, எட்டாக, நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் பிளந்துகொண்டே போவார்கள். பிளவு நாரின் போக்கிலேயே ஓடும், நார் அறுபடாது. அதனால் கோடரியால் செதுக்கி மெலிதாக்கிய பிறகும் பலகை வளைந்து கொடுக்கும், முறியாது. அடிக்கட்டையிலிருந்து தொடங்கி, ஒரு பலகையின் ஓரத்தின் மேல் அடுத்ததை ஏற்றி, இடையே கீல் தோய்த்த மயிர்த்திரி வைத்து, இரும்புத் தறையாணியால் இறுக்குவார்கள். வங்குக்கால்கள் எனப்படும் குறுக்குச் சட்டங்கள் பிறகுதான் உள்ளே வந்து அமரும். அலையில் கப்பலின் உடலே நெளிந்து கொடுப்பது இந்த அமைப்பால்தான்.

ரொஸ்கில்டே தச்சர்களும் பழங்கருவிகளின் படிகளை வைத்தே இவ்வழியில் வேலை செய்தனர். ஆப்பை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் வரைபடத்தில் அடங்காது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடிபடும். திறந்த வெளியில் கட்டியதன் பெரும்பயன் அதுவே. இன்றும் அங்கே படகு கட்டுவதைப் பார்க்கலாம்.

2004 செப்டம்பரில் ராணி இரண்டாம் மார்கரீத்த பெயர்சூட்ட, கப்பல் நீரில் இறங்கியது. 2007 ஜூலை 1 அன்று ரொஸ்கில்டேயிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 14 அன்று டப்ளினை அடைந்தது, 2008இல் திரும்பியது. ஓரம் மேலேற்றிக் கட்டும் நோர்டிக் படகு மரபை யுனெஸ்கோ 2021இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.